கொல்லாமல் விட்ட கதை

‘மாரிஸ்’ என்ற ஆங்கிலப் படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். 1987-இல் வெளிவந்த படம். இயக்கியவர் ஜேம்ஸ் ஐவரி. தயாரித்தவர் பம்பாயில் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட். ஈ. எம். ஃபார்ஸ்டரின் நாவல்தான் மூலம். ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் கொண்ட காதலைப் பற்றியது. உடன் பார்த்த என் மனைவி, விளக்கைப் போட்டுக்கொண்டே, “நல்ல வேளை, இரண்டு பேரையும் கொல்லாமல் விட்டார்கள்” என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேம்பிரிட்ஜில் படிக்கும் மாரிஸும் கிளைவும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். கிளைவ் பெரிய நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளை. இதே ‘குற்றத்துக்காக’ நண்பன் ஒருவன் சிறைக்குப் போனதும் நடுங்கிப் போகிறான். ஆன் என்ற பெண்ணை மணந்துகொண்டு கௌரவமாகி விடுகிறான். நாவலில் இந்த வழக்கு இல்லை. காரணமே சொல்லாமல் மனம் மாறுகிறான். படம் செய்த மாற்றம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஒழுக்கம் என்று நாம் மாலை போடுகிற பல காரியங்களுக்கு அடியில் இருப்பது பயம்தானே? மாரிஸை ஏற்றுக்கொள்கிறவன் கிளைவின் பண்ணையில் வேட்டைக்காடு காக்கும் அலெக். அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற இருந்தவன், ஏறாமல் நின்று விடுகிறான். இருவரும் சேர்ந்து வாழப் போகிறார்கள். கதை முடிந்தது.

இந்த முடிவுக்காகத்தான் நாவல் அச்சேறவில்லை. ஃபார்ஸ்டர் அதை முதலில் எழுதி முடித்தது 1914-இல். வெளிவந்தது 1971-இல், அவர் இறந்த மறு வருஷம். காதலர்கள் தூக்கில் தொங்கியிருந்தால் அச்சிடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று அவரே பிற்பாடு எழுதி வைத்தார். எத்தனை விசித்திரம், பாருங்கள்! சமூகம் எந்தக் கதையையும் மன்னிக்கத் தயார். பிணம் ஒன்றை அபராதமாகக் கட்டிவிட வேண்டும்.

நான் கட்டியிருக்கிறேன். என் ஆரம்ப நாவல் ஒன்றில், விதவைப் பெண் ஒருத்தி பள்ளி ஆசிரியர் ஒருவரோடு வாழத் துணிகிறாள். கடைசி அத்தியாயத்தில் அவளை ஆற்றில் தள்ளினேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அழுதுகொண்டே எழுதியதாகப் பலர் கடிதம் போட்டார்கள். நானும் பூரித்துப் போனேன். ஒரே ஓர் அம்மாள் மட்டும் தபால் கார்டில் இரண்டு வரி எழுதியிருந்தார்: ஏழாம் அத்தியாயத்தில் அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, ஐயா? அதற்கு இன்றுவரை நான் பதில் போடவில்லை.

ஆனால், ஃபார்ஸ்டரை மட்டும் தைரியசாலி என்று சொல்லிவிடலாமா? தாயார் 1945 வரை உயிரோடிருந்தார். அந்தச் சங்கடம் புரிகிறது. இங்கிலாந்தில் சட்டம் 1967-இல் தளர்ந்தது. அதற்குப் பிறகும் புத்தகத்தை அவர் வெளியிடவில்லை. நண்பர்களுக்குப் படிக்கக் கொடுத்தார், திருத்தினார், மறுபடி பூட்டி வைத்தார். அந்த ஐம்பத்தேழு வருஷங்களில், ‘உலகத்தில் நான் ஒருவன்தானா இப்படி?’ என்று எந்த ஊரிலோ தவித்த பையனுக்கு அந்தப் புத்தகம் எட்டவே இல்லை. நம் தேசத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதித் தந்த 377-ஆம் பிரிவின் பிடி, 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகுதான் இவர்களை விட்டது.

ஆயினும், பூட்டிய பெட்டிக்குள்ளாவது அவர் பாத்திரங்கள் உயிரோடு இருந்தார்கள். என்னுடையவள் அச்சில் செத்தாள், நாலு பதிப்பு.

படத்தின் கடைசிக் காட்சியில் கிளைவ் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறான். வெளியே இருட்டில், கல்லூரி நாளைய மாரிஸ் கையசைத்துக் கூப்பிடுவது போல் அவனுக்குத் தோன்றுகிறது. பின்னால் ஆன் வந்து நிற்கிறாள். அவன் எதைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் அவளிடம் சொல்லப் போவதுமில்லை. முதல் தடவை பார்த்தபோது அவளை நான் கவனிக்கவே இல்லை.