தாதியும் வினைப்பயனும்

நோய் முற்பிறவி வினையின் பயனே என்று கொண்டால், நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாதி அந்த நியதிக்குக் குறுக்கே நிற்கிறாளோ என்னும் வினாவை, ரத்தப் புற்றுநோய் கண்ட ஒரு குழந்தையைப் பார்த்த எவராலும் வெறும் தர்க்கமாகக் கருதிவிட இயலாது. அந்தமானிலிருந்து இந்நோய்க்கு உயர்சிகிச்சை நாடி, ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னைக்கு வருவோர் உளர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அருமுயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம் இங்கேதான் இருக்கிறது.

மருந்தானது நோயணுக்களோடு நல்ல வெள்ளணுக்களையும் அழித்துவிட, சிறு காய்ச்சலும் உயிருக்கே அபாயமாகிவிடும் அந்நாட்களில், தாதி ஒவ்வொரு முறையும் கைகழுவிய பின்னரே நோயாளியைத் தொடுவதும், உடற்சூட்டைத் தவறாது குறித்துவைப்பதும் மருந்துக்கு நிகரான ரக்ஷணைகளாகும். பிழைக்கப்போகிறவனுக்கும் பிழையாதவனுக்கும் அவள் ஒரே சிரத்தையோடு இதனைச் செய்கிறாள். கீதை உபதேசிக்கும் நிஷ்காம கர்மம் இதுவே எனலாம்; எனினும் எனக்கு அது முழுச் சம்மதமன்று. பலனில் பற்றற்றிருக்கலாம், குழந்தையிடமே பற்றற்ற தாதியை எந்தத் தாய் விரும்புவாள்?

சிறிய அந்தமானின் டுகாங் கிரீக்கில், தொகையில் மிகக் குறுகிவிட்ட ஓங்கே பழங்குடியினரிடையே பணியேற்று, 2004-ஆம் ஆண்டுச் சுனாமி அவர்கள் குடியிருப்பை அழித்தபோதும் பிரியாது உடனிருந்து, 2011-இல் பத்மஸ்ரீ பெற்ற செவிலி சாந்தி தெரேசா லக்ராவின் தொண்டில் நான் காண்பது அந்தப் பற்றைத்தான். வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுக்கத் துணைசெய்யலாம். பிறர் துன்பத்திற்குக் காரணம் கற்பித்து ஒதுங்கிநிற்க அது அனுமதி தருவதாக நான் நம்பவில்லை. கடல் கடக்கும் அவசியமின்றி, தீவிலேயே இந்நோயாளருக்குப் பயிற்சிபெற்ற தாதியர் பெருகவேண்டும் என்பது என் பிரார்த்தனை.