மருந்தின் முதற்கூறு

‘அறுவை சிகிச்சை இயலாது.’ மார்பகப் புற்றுநோய் முற்றிய ஒரு பெண்ணின் உறவினர் இச்சொற்களைக் கேட்டதும் பெரும்பாலும் எடுக்கும் முதல் முடிவு, அவளுக்கு இது தெரியக்கூடாது என்பதே. அன்பில் பிறக்கும் முடிவு இது. ஆயினும் இது அறமாகுமா?

அந்தமான் தீவுகளில் இக்கேள்விக்குக் கனம் அதிகம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து சென்னை சுமார் 1,370 கிலோமீட்டர். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் பயணம். உயர்சிகிச்சை நாடித் தீவு மக்கள் பலர் கடந்த கடல் அது. கதிர்வீச்சு சிகிச்சை வாரக்கணக்கில் நீண்டால், அத்தனை நாளும் வீட்டையும் பிள்ளைகளையும் பிரிந்திருக்க வேண்டும். எதற்காகப் பிரிகிறோம் என்பதை அவள் அறிய வேண்டாமா?

‘இயலாது’ என்பதற்கு மருத்துவத்தில் ஒரே பொருள் இல்லை. கட்டி தோலையோ மார்புச் சுவரையோ பற்றியிருந்தாலும், பிற உறுப்புகளுக்குப் பரவாதிருந்தால், மருந்தும் கதிர்வீச்சும் அதைச் சுருக்கிப் பின்னர் அறுவைக்கு வழி திறப்பதுண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் இவ்வழியைப் பல்லாண்டுகள் கையாண்டனர்.

நோய் எலும்புவரை பரவிவிட்டால் நோக்கம் மாறுகிறது. அப்போது கதிர்வீச்சு புண்ணின் குருதிக் கசிவை நிறுத்தவும் வலியைத் தணிக்கவும் தரப்படுகிறது. சிக்கலற்ற எலும்பு வலிக்கு 8 கிரே அளவில் ஒரே முறை தருவது, பல நாள் தருவதற்கு நிகராக வலியைக் குறைக்கிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. சிலருக்கு மட்டும் மறுமுறை தேவைப்படலாம்.

ஆகவே, முதல் நிலையில் இருப்பவள் நீண்ட பிரிவையும் நம்பிக்கையோடு ஏற்கலாம். இரண்டாம் நிலையில் இருப்பவளோ, விரைவில் ஊர் திரும்பிப் பிள்ளைகளுடன் இருக்க விரும்பலாம். உண்மையை மறைப்பவரால் நோயை மறைக்க முடியாது. உடலே அதை அவளுக்கு உணர்த்திவிடும். மறைப்பதால் பறிபோவது தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றே.

மருந்தின் நான்கு கூறுகளை எண்ணும் திருவள்ளுவர், மருத்துவருக்கும் மருந்துக்கும் உடனிருந்து பேணுபவருக்கும் முன்னால் நோயாளியையே வைக்கிறார். முதலில் வைக்கப்பட்டவளைக் கலந்துகொள்ளாமல் மற்ற மூவரும் முடிவெடுப்பது முறையன்று.

உண்மையை, அவள் கேட்கும் வேளையில், தாங்கும் அளவில், அருகிருந்து கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறிய விரும்பாதவர்களும் உண்டு. அதையும் அவர்களே சொல்லட்டும். நோயைத் தீர்ப்பது எல்லா வேளையிலும் மனிதர் வசம் இருப்பதில்லை. நோயுற்றவளை இறுதிவரை மதிப்பது, உடனிருக்கும் எவராலும் இயலும்.