வீடும் வீட்டாரும்



குடியிருக்க ஒரு வீடு என்பது அல்லாஹ் மனிதனுக்கு அளித்துள்ள பெரும் நிஃமத்தாகும். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில், நம் வீடுகளை நாம் அமைதி பெறும் இடமாக ஆக்கியிருப்பதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அவனே எடுத்துச் சொல்கிறான். ஆகவே மனை வாங்கிப் போடுவதும், வீடு கட்டி வாடகைக்கு விட்டு ஹலாலான வருமானம் தேடுவதும் மார்க்கம் வெறுத்த காரியங்களல்ல. ஆனால் அமைதிக்காக வாங்கும் வீட்டுக்கு விலையாக, இருக்கும் வீட்டின் அமைதியையே கொடுத்துவிடுகிறோமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. மூன்று பெண்கள் இருந்தால் மூன்று வீடு! அதற்காக வாப்பாவும் காக்காமாரும் சபர் போய் ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அவர்களின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேவை தீர்ந்த பின்னும் ஓட்டம் நிற்பதில்லை. “விலை ஏறுகிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள்” என்று ஒருவர் சொல்ல, அடுத்த மனைக்கு முன்பணம் போகிறது. ஊர் திரும்பும் நாள் இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப் போகிறது. மகன் குர்ஆன் ஓதி முடித்ததும், மகள் பெரியவளானதும் வாப்பாவுக்குக் கைப்பேசியில் வந்த செய்திகளாகவே இருந்துவிடுகின்றன.

இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயுற்றார்கள். நலம் விசாரிக்க வந்த நாயகம் (ஸல்) அவர்களிடம், தமக்கு வாரிசாக ஒரே மகள்தான் உண்டு என்று கூறி, சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யலாமா எனக் கேட்டார்கள். நாயகம் அவர்கள் அதற்கு இசையவில்லை, பாதிக்கும் இசையவில்லை. மூன்றில் ஒன்றே போதும், அதுவே அதிகம் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வதே மேல் என்று காரணமும் சொன்னார்கள்.

சொத்துச் சேர்ப்போர் இதுவரை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே ஹதீஸில், அல்லாஹ்வுக்காகச் செய்யும் எந்தச் செலவுக்கும், மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்குங்கூட நற்கூலி உண்டு என்றும் வருகிறதே! வாரிசுகளுக்கு விட்டுச் செல்லும் பொருளும், இல்லாளுக்கு ஊட்டும் கவளமும் ஒரே ஹதீஸில் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதற்காகப் பின்னதை இழப்பது அழகா?

மனையிலும் வீட்டிலும் பணம் போடுவோர் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வட்டி. வாடகையைக் கொண்டே தவணையை அடைத்துவிடலாம் என்று வட்டிக் கடனில் வீடு வாங்குவோர் இருக்கிறார்கள். வட்டி ஹராம் என்பது அல்பகரா அத்தியாயத்தில் தெளிவாக உள்ளது. உலகக் கணக்கிலும் பாருங்கள்: குடியிருப்பவர் காலி செய்து போனால் வாடகை நிற்கும், தவணை நிற்காது. அது பிள்ளைகளின் படிப்புப் பணத்திலும் அடுப்படிச் செலவிலும் கை வைக்கும். அவசரத்துக்கு விற்கலாமென்றால் மனை நினைத்த நாளில் விலை போகாது.

இரண்டாவது, மனைவியின் நகை. மஹரும் நகையும் அவளுடைய உடைமை. அவள் மனமுவந்து தந்தாலன்றி அதைத் தொட நமக்கு உரிமையில்லை. அவள் முகத்தைச் சுளிக்க வைத்து வாங்கிய மனையில் பரக்கத்தை எதிர்பார்க்கலாமா?

மூன்றாவது, பிறர் நிலம். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்கு ஏழு பூமிகளின் அளவு கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை உண்டு. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பார்த்து, வக்ஃபு நிலமா, பிரிக்கப்படாத வாரிசுச் சொத்தா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

நான்காவது, ஜகாத். விற்று இலாபம் காணும் நிய்யத்தோடு வாங்கிய மனை வியாபாரச் சரக்காகும். ஆண்டுதோறும் அன்றைய விலையில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கொடுக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வாடகை வீட்டின் மதிப்புக்கும் இல்லை. சேர்ந்த வாடகைப் பணம் நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்தால் அப்பணத்துக்கு உண்டு.

ஐந்தாவது, பிள்ளைகளுக்கிடையே நீதம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்களின் தந்தை அன்பளிப்பொன்றைக் கொடுத்து, நாயகம் அவர்களைச் சாட்சியாக்க வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். தந்தை அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு பிள்ளையின் பெயரில் மட்டும் பத்திரம் பதிவு செய்யப் போகிறவர், பதிவு அலுவலகத்துக்குப் புறப்படுமுன் இந்த ஹதீஸை நினைத்துக்கொள்ளட்டும். பத்திரம் பதியும் நாளிலேயே உடன்பிறந்தார் பகையும் சேர்ந்து பதிவாவதை நாம் எத்தனை வீடுகளில் காண்கிறோம்!

“உழைக்காவிட்டால் யார் தருவார்?” என்று கேட்கலாம். உழைக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை; எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கிறோம். எவ்வளவு போதும் என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து மஷூரா செய்து முடிவு கட்டட்டும். அந்த அளவு வந்ததும் திரும்பி வரட்டும். உள்ளூரில் இருப்பவரோ மஃரிபுக்குப் பின் தரகரோடு பேசும் நேரத்தில் பாதியையாவது பிள்ளை ஓதுவதைக் கேட்கக் கொடுக்கட்டும்.

மனிதன் வபாத்தானபின் தொடரும் நன்மைகளென நாயகம் (ஸல்) அவர்கள் மூன்றைச் சொன்னார்கள்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை. நம் பெயரிலுள்ள பத்திரங்கள் அன்றே வாரிசுகளின் பெயருக்கு மாறத் தொடங்கிவிடும். கப்ரில் நமக்கென்று வந்து சேர்வது அந்தப் பிள்ளையின் துஆ! அந்தத் துஆவைக் கற்றுக் கொடுக்க வாப்பா வீட்டில் இருக்க வேண்டாமா?

ஹலாலான செல்வத்தையும், கண்குளிர்ச்சியான மக்களையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.