குடியிருக்கும் உரிமை

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்து ஏறினால், உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளின் பாலங்களைத் தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் வயல். இந்த வயல்களின் மண் இங்கே பிறந்ததில்லை. குடகு மலையிலும் மைசூர் மேட்டிலும் மழை அரித்த மண்ணை ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்து வந்து இங்கே இறக்கியிருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு வண்டல் முன்போல் வருவதில்லை என்று வயதான விவசாயிகள் இன்னும் குறைப்பட்டுக்கொள்வார்கள். நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய டெல்டா முழுக்க வெளியூர் மண்தான்.

திருவையாற்றுக்குப் பெயர் தேடித் தந்த மனிதர்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள். அப்பர் பிறந்தது பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூர். கயிலையைக் காண வடக்கே நடந்து நடந்து உடல் தேய்ந்தவர், ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, இங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார் என்பது புராணம். ஆடி அமாவாசைதோறும் இன்றும் அந்த விழா நடக்கிறது. தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்தவர். குடும்பம் அதற்கும் முந்தி ஆந்திரத்துக் காகர்லாவிலிருந்து தெற்கே வந்தது. 1847இல் அவர் மறைந்த பிறகு காவிரிக் கரையில் கேட்பாரற்றுக் கிடந்த சமாதியைத் தேடி வந்து, தன் நகையையும் சேமிப்பையும் போட்டுக் கோயிலாக்கியவர் நஞ்சன்கூட்டில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் நினைவு ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்த காலத்தில் பெண்களைச் சேர்த்துத் தனியாகப் பாடவைத்தவரும் அவர்தான். 1952இல் அவர் இங்கேயே காலமானார். தியாகராஜரைப் பார்த்தபடி அவருக்கும் சமாதி இருக்கிறது.

இவர்களில் ஒருவரையாவது வெளியூர்க்காரர் என்று இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரை அவர்கள் பேணினார்கள். அதனால் ஊர் அவர்களுடையதாயிற்று.

இப்போது இந்தப் பக்கத்துப் பேச்செல்லாம் போகிறவர்களைப் பற்றியது. யார் பிள்ளைக்கு ஆன்சைட் கிடைத்தது, யார் பெண்ணுக்குச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடிந்தது, யாருக்கு விசா லாட்டரியில் பெயர் விழவில்லை. டீக்கடையில் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்ற கவலைக்குப் பக்கத்திலேயே அமெரிக்க அரசின் புதிய உத்தரவுகளும் அலசப்படுகின்றன. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனு ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த வாரத்தில், படிப்புக் கடன் வாங்கியிருந்த எத்தனை வீடுகளில் சாப்பாடு இறங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

போவது புதிதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமைக் கூலிகள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனார்கள். அடுத்து, ஆங்கிலம் படித்த அக்ரகாரத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் போனார்கள். 1961–62இல் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் அக்ரகாரத்தில் தங்கி ஆராய்ந்தார். ஊருக்கு ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் சூட்டி அவர் எழுதிய நூல் 1965இல் வந்தது. பிராமணக் குடும்பங்கள் நிலத்திலிருந்து கழன்று நகரத்து வேலைகளுக்கு நகர்வதை அது பதிவு செய்தது. அதே 1965இல்தான் அமெரிக்கா, எந்த நாட்டில் பிறந்தவர் என்று பார்த்து ஆசியர்களை ஒதுக்கிவந்த தன் பழைய குடியேற்றச் சட்டத்தை மாற்றிக்கொண்டது.

எண்பதுகளின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கின. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அதன் பிறகு நாற்றங்காலில் நின்ற கால்களின் பிள்ளைகளும் விமானம் ஏறினார்கள். எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட்டார்களே என்று புலம்பும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வரும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டது இதே டெல்டாவில்தான். தலைமுறை தலைமுறையாக உழுது நட்டவர்களுக்கு இந்த மண்ணில் ஒரு முழம் சொந்தமில்லாமல் இருந்தது. அவர்கள் பேத்தி டல்லாஸில் வேலை பார்க்கிறாள் என்றால், அது துயரச் செய்தியன்று.

ஆனால் போன இடத்தில் அவளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

எச்-1பி விசா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவிலேயே முதுகலை படித்தவர்களுக்கு இன்னொரு 20,000. மூன்று வருடம், நீட்டித்தால் ஆறு வருடம். அதற்குள் நிறுவனம் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு அது உரிய கட்டத்தைத் தாண்டியிருந்தால் மேலும் நீட்டிக்கலாம். வேலை அடிப்படையில் கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் ஏழு சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. சின்னத் தீவில் பிறந்தவருக்கும் நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள இந்தியாவில் பிறந்தவருக்கும் ஒரே உச்சவரம்பு. ஆகவே இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக் கணக்கில் நீள்கிறது. இங்கிருந்து கைக்குழந்தையாகப் போன பிள்ளை, வரிசை நகர்வதற்குள் 21 வயதைத் தொட்டால் பெற்றோரின் மனுவிலிருந்து கழன்றுவிடும். இடையில் வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள். அதற்குள் வேறு நிறுவனம் மனுப் போட வேண்டும். இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது பெட்டி கட்ட வேண்டும். வாடகை வீடு, குழந்தையின் பள்ளி, மனைவியின் வேலை எல்லாம் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. அந்தக் கயிற்றின் நுனி முதலாளியின் கையில்.

திருவையாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் சார். அவர் மனைவி இறந்த அன்று நானும் போயிருந்தேன். கூடத்தில் ஐஸ் பெட்டி. தலைமாட்டில் விளக்கு. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த செல்போன். திரையில் மகன். அங்கே நடுநிசி. பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. அங்கே தங்கி வேலை பார்க்கத் தடையில்லை. ஆனால் வெளியே வந்துவிட்டால், சென்னையில் நேர்காணலுக்கு நாள் கிடைத்து மறுபடி முத்திரை விழுந்தால்தான் திரும்பப் போகலாம். அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு நாள் வேலை காத்திருக்கும் என்று சொல்லவும் ஆளில்லை.

“அப்பா, நான் கிளம்பி வந்துடறேன்” என்றான்.

“வேண்டாம் தம்பி. புள்ளைங்க படிப்பு இருக்கு. நீ அங்கேயே இரு. இங்க பங்காளி வீட்டுப் பையன் இருக்கான், செஞ்சுடுவான்.”

அதற்குப் பிறகு ‘இரு’ என்று அவன் சொன்னதை எல்லாரும் கேட்டோம். போனைக் கொஞ்சம் கிட்டத்தில் வைக்கச் சொன்னான். வைத்தது, அம்மாவைக் கடைசி மூன்று வருடமாகத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்ட பெண்மணி. ஆற்றுக்கு அந்தப்புறத் தெருவிலிருந்து வேலைக்கு வருபவர்.

அந்தம்மாவோடு பிறகு ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ சான்றிதழுக்காகத் தகரப் பெட்டியைத் திறந்தவர், பிளாஸ்டிக் உறையிலிருந்து மடிப்பு நைந்த பட்டாவை எடுத்துக் காட்டினார். அவருடைய தாத்தாவும் அப்பாவும் பண்ணையாட்கள். மிராசுதாரின் திடலில் குடிசை. பண்ணையில் மனஸ்தாபம் வந்தால் வேலையோடு குடிசையும் போகும். 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்த மாத்திரத்தில் ஆளை விரட்டுவதை அது தடுக்கப் பார்த்தது. 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம் இன்னும் ஓர் அடி போய், விவசாயத் தொழிலாளி எந்த மனையில் குடியிருந்தாரோ அந்த மனையை அவருக்கே சொந்தமாக்கியது.

“இந்தக் காயிதம் வந்த பொறவுதாங்க எங்க அப்பாரு தென்னம்புள்ளை வச்சாரு” என்றார். வாசலில் அந்த மரம் நிற்கிறது. “அதுவரைக்கும் பூசணிக்கொடிதான் போடுவாங்களாம். எப்பப் போகச் சொல்லுவாங்களோன்னு.”

பூசணி சில மாதத்தில் காய்த்து முடிந்துவிடும். தென்னை காய்க்க வருடங்கள் வேண்டும். அதை வைக்கிறவருக்கு, தான் இங்கே இருப்போம் என்ற நிச்சயம் வேண்டும்.

பண்ணையாளின் வாழ்வையும் கணினிப் பொறியாளரின் வாழ்வையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் கண்ட வாழ்வு அது. இது சம்பளமும் காரும் உள்ள வாழ்வு. வேண்டுமென்றால் திரும்பி வர இவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. அவருக்குத் திரும்பிப் போக இடமே இருக்கவில்லை. இருந்தாலும் இரண்டு ஏற்பாட்டிலும் ஒரே முடிச்சு இருப்பதைக் காணாமல் இருக்க முடியவில்லை: வேலை இருக்கும்வரை குடியிருப்பு, வேலை போனால் குடியிருப்பும் இல்லை. உழைப்பு வேண்டும், உழைக்கிறவர் வேண்டாம் என்று நினைக்கிற இடங்களிலெல்லாம் இந்த முடிச்சைப் போடுகிறார்கள். போடுகிறவர் நிலக்கிழாரா, வல்லரசா என்பது மாறலாம்.

இந்த முடிச்சில் இருப்பவரை, நீ ஏன் எங்களோடு ஒட்டவில்லை என்று அங்கே கேட்கிறார்கள். ஊரை ஏன் மறந்தாய் என்று இங்கே கேட்கிறோம். சார் மகன் பத்து வருடத்துக்கும் மேலாக அங்கே இருக்கிறான். வீடு வாங்கலாமா என்ற பேச்சு ஒவ்வொரு வருடமும் எழுந்து அடங்குகிறது. மரக்கட்டில் வாங்கவே யோசிக்கிறார்களாம். இங்கே வீட்டு ஓடுகளை மாற்றுவதும், ‘இன்னும் ரெண்டு வருஷத்துல முடிவு தெரிஞ்சுடும்பா’ என்று தள்ளிப்போகிறது. இரண்டு இடத்திலும் பூசணிக்கொடிதான். அவன் மனம் குறைந்தவன் இல்லை. அன்பு வேர் பிடிக்கவும் உத்தரவாதம் வேண்டியிருக்கிறது. ஓர் இடத்தை மனிதர்கள் பேணுவது, அங்கிருந்து யாரும் தங்களைக் கிளப்ப முடியாது என்ற தைரியம் வந்த பிறகுதான். பேணப் பேணத்தான் அது அவர்கள் ஊராகிறது. அந்தத் தைரியத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு பற்றை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

1965க்குப் பிறகு நிலையாகக் குடியேற அனுமதி பெற்றுப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குக் கிளீவ்லாந்து சாட்சி. அந்த நகரத்தில் 1978இல் சிலர் சேர்ந்து தியாகராஜ ஆராதனையைத் தொடங்கினார்கள். இன்று கர்நாடக இசை உலகமே நாள் குறித்துக்கொண்டு அங்கே போகிறது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கோஷ்டியாகப் பாடும் அந்தக் கூட்டத்தில் அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் வைத்தது தென்னை.

இதைச் சொல்லும் உரிமை நமக்கு இருக்க வேண்டுமென்றால் நம் வரப்பிலும் பார்க்க வேண்டும். டெல்டாவில் நடவுக்கு ஆள் பற்றாக்குறை என்று பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் தொழிலாளர்கள் வந்து பல வருடமாகிறது. குழுவாக வருகிறார்கள், கயிறு பிடித்து வேகமாக நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்கள். நன்றாக நடுகிறார்கள் என்று எல்லாரும் மெச்சுகிறோம். இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்? எங்கள் பக்கத்தில் மோட்டார் கொட்டகையிலும் களத்து மேட்டிலும் படுப்பார்கள். கழிப்பறை கிடையாது. பாம்பு கடித்தால் யாரை அழைப்பது என்று தெரியாது. கூலி ஏஜென்ட் கையில் போகிறது. அவர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பதை நாம் விசாரிப்பதில்லை. நம் பிள்ளையை அங்கே வெறும் வேலைக்காரனாகப் பார்க்கிறார்களே என்று வேதனைப்படும் அதே தெருவில்தான் இதுவும் நடக்கிறது.

சாரிடம் இதைப் பேசியபோது அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். மே 1 கிராம சபைக்கு மனு. நடவுக்கு வரும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்க ஊர்ப் பொதுவில் ஒரு கூடம், குடிதண்ணீர், இரண்டு கழிப்பறை, பெயரும் அவசரத்துக்கு அழைக்க ஓர் எண்ணும் எழுதி வைக்க ஒரு பதிவேடு, கூலியை ஆளுக்காள் நேராகக் கொடுக்க ஓர் ஏற்பாடு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு அவர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் நடக்க வேண்டும் என்றார். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவதாக அந்தம்மா போட்டார். மூன்றாவது இடத்தில் நான் போட்டிருக்கிறேன். கீழே இன்னும் நிறைய இடம் இருக்கிறது. நாளைக் காலையில் வீடு வீடாகக் கொண்டுபோகிறோம்.