எறும்பை மிதித்த இளங்கால்



இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டியில் அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். முற்றத்தில் ஊர்ந்த எறும்புச் சாரியை அவ்வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை மிதித்து மிதித்துச் சிரித்தது. "கொல்லாதே என்று எத்தனை முறை சொல்வது!" என்று தாய் அதன் முதுகில் ஓங்கி அடித்தார். "உயிரின் அருமை அப்போதுதான் தெரியும்" என்று நாமும் தலையசைத்தோம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூவழியாலும் வினை வந்து பற்றும் என்பது ஜினர் அறம். அந்த அடியில் நமக்கும் பங்குண்டு. அதனை எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

கருத்தின்மையாலும் வெகுளி முதலிய கஷாயங்களாலும் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என வரையறுக்கின்றது தத்துவார்த்த சூத்திரம். அசைவதைக் கண்டு வியந்த குழந்தையின் காலில் வெகுளி இல்லை. அடித்த கையில் வெகுளி இருந்தது. கொல்லாமையைக் கற்பிக்க எழுந்த கையே அவ்விரதத்துக்கு மாசு தேடிற்று.

அந்நூல் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை ஆடுமாடுகளைப் பற்றியவை என்றே கேட்டுப் பழகிவிட்டோம். "தூணில் கட்டிவிடுவேன்", "இன்று உனக்குச் சோறு கிடையாது" என்று நம் இல்லங்களில் எழும் குரல்களையும் சற்றே செவிமடுப்போம். இரண்டு வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுப் பொறுமையை எதிர்பார்ப்பதும் மிகைச் சுமையே அன்றோ?

அவ்வாறாயின் எறும்பை மிதிக்க விட்டுவிடுவதா? அன்று. எல்லையின்றி அறம் இல்லை. சாவகர் ஏற்கும் திக்விரதமே திசைதோறும் எல்லை வகுத்துக்கொள்வதுதான். பெரியோர் தம் எல்லையைத் தாமே வகுக்கின்றனர். குழந்தைக்கு நாம் வகுத்துக் காத்தல் வேண்டும். அதற்கு வழி, நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்றாகிய ஸ்திதிகரணம். வழுவியவரை மீண்டும் நெறியில் நிறுத்துவதே அது, தண்டிப்பது அன்று.

அன்று அதனைச் செய்து காட்டியவர் அவ்வீட்டுப் பாட்டி. அழுத குழந்தையை அணைத்துத் தேற்றினார். மீண்டும் ஓடி மிதிக்கப் போன காலை மென்மையாகப் பற்றிக்கொண்டு, "மிதிக்கக் கூடாது, கண்ணே, அதற்குப் பசிக்கிறது" என்றார். கோலத்துக்கு வைத்திருந்த அரிசிமாவில் ஒரு சிட்டிகை எடுத்து அதன் விரல்களில் கொடுத்தார். குழந்தை குந்தி அமர்ந்து, சாரியின் ஓரத்தில் மாவைத் தூவிற்று. கால் ஓய்ந்தது, கைக்கு வேலை கிடைத்தது. சிறிது நேரத்தில் கால் மீண்டும் எழுந்தது. பாட்டியும் சலியாமல் அதே சொல்லைச் சொல்லி, மீண்டும் ஒரு சிட்டிகை கொடுத்தார்.

அம்முதியவர் செய்தவை மூன்று: தடுத்தார், காரணத்தைச் சிறு சொல்லில் உரைத்தார், வேறு செயலைக் கையில் தந்தார். வீட்டிலுள்ள அனைவரும் இவ்வொன்றையே சொன்னால் எல்லை நிலைக்கும். தாய் தடுப்பதைத் தந்தை சிரித்து ஊக்கினால் குழந்தை குழம்பும். பசியும் உறக்கமும் மேலிட்ட வேளையில் அறிவுரை ஏறாது. முதலில் அவற்றைத் தீர்ப்பதே அறிவுடைமை.

அப்பகுதிக்கு நெடுந்தொலைவில் இல்லாத கழுகுமலையில், பாறையில் செதுக்கிய சமணத் திருவுருவங்களுள் அம்பிகை இயக்கியும் உண்டு. நேமிநாதரின் இயக்கியாகிய அவளுக்குச் சிங்கம் ஊர்தி. மக்களோ அவளை விட்டு நீங்காதவர். உறுதியும் பரிவும் ஒருத்தியிடத்தே அமையும் என்பதை அவ்வடிவில் காண்கின்றோம்.

ஓங்கிய கையைத் தாழ்த்துவோம். எறும்புக்கு நாம் காட்டும் இரக்கம் முதலில் நம் மழலைக்குக் கிட்டுக!

அறம் வளர்க!