ஒரே இசைத்தட்டு, இரண்டு தீர்ப்புகள்

2016இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ஓர் இசைத்தட்டு மேற்கத்திய செவ்வியல் இசை ரசிகர்களை இரு அணியாகப் பிரித்துவிட்டது. அதில் இருந்தது ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் வயலின் கன்செர்ட்டோ, அதாவது தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. வாசித்தவர் மால்டோவாவில் பிறந்த பத்ரீசியா கோபச்சின்ஸ்கயா, மேடையில் வெறுங்காலோடு நின்று வாசிப்பவர் என்று பெயர் பெற்றவர். நடத்துநர் கிரேக்கரான தியோடோர் கரன்ட்சிஸ். குழு, ரஷ்யாவின் பெர்ம் நகரில் அவர் வளர்த்தெடுத்த மியூசிக்ஏட்டர்னா. வயலினில் பூட்டியிருந்தது விலங்குக் குடலில் முறுக்கிய பழைய வகைத் தந்தி. மற்றவர்கள் வில்லை முழு நீளத்துக்கும் இழுத்து அரங்கை நிறைக்கும் இடங்களில் அவர் கிசுகிசுத்தார். சீராக ஓட வேண்டிய வரிகளில் திடீரென நின்றார், பிறகு பாய்ந்தார்.

கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன படைப்பு இப்போதுதான் உயிரோடு எழுந்திருக்கிறது என்றார்கள் ஒரு சாரார். இசையமைப்பாளர் எழுதிவைத்ததை ஒரு கலைஞர் தன்னைக் காட்டிக்கொள்ளப் பயன்படுத்தியிருக்கிறார் என்றார்கள் மறுசாரார். இரு தரப்பிலும் காது பழகியவர்கள் இருந்தார்கள். இரு தரப்பும் கேட்டது அதே ஒலிப்பதிவைத்தான்.

அப்படியானால் யாராவது ஒருவர் தவறா? அல்லது ரசனை அவரவர் பாடு என்று விட்டுவிட வேண்டியதா? இரண்டாவது பதில் பெருந்தன்மையானதாகத் தெரிகிறது. உண்மையில் அது இரு தரப்பையுமே அவமதிக்கிறது. ‘இது அற்புதம்’ என்று சொன்னவரும் ‘இது சிதைவு’ என்று சொன்னவரும் தங்கள் உடலுக்குள் நடந்த ஏதோவொன்றைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த வாசிப்பைப் பற்றித்தான் சொன்னார்கள்.

இந்தக் கன்செர்ட்டோ பிறந்த நாளிலிருந்தே சர்ச்சைக்குரியது. 1878இல் சுவிட்சர்லாந்தின் கிளாரன்ஸில் சாய்க்கோவ்ஸ்கி இதை எழுதினார். முதலில் லியோபோல்ட் ஆவர் என்ற பெரும் வயலின் ஆசானுக்குச் சமர்ப்பிக்க நினைத்தார். ஆவர் வாசிக்க முன்வரவில்லை. வயலினுக்குப் பொருந்தாத இடங்கள் இருப்பதாகக் கருதினார். கடைசியில் 1881 டிசம்பர் 4 அன்று வியன்னாவில் அடால்ஃப் பிராட்ஸ்கி வாசிக்க, ஹான்ஸ் ரிக்டர் நடத்த, முதல் அரங்கேற்றம் நடந்தது.

அந்த அரங்கில் எட்வர்ட் ஹான்ஸ்லிக் உட்கார்ந்திருந்தார். ஐரோப்பாவின் மிகச் செல்வாக்கான இசை விமர்சகர், வியன்னா பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் எழுதிய விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது. முதல் பகுதியின் தொடக்கத்தையும் நடுப்பகுதியின் மென்சோகத்தையும் அவர் ஒப்புக்கொண்டார். மற்ற இடங்களில் வயலின் வாசிக்கப்படவில்லை, பிய்த்து அடிக்கப்படுகிறது என்றார். இறுதிப் பகுதி தன்னை ஒரு ரஷ்யத் தேவாலயத் திருவிழாவுக்குள் தள்ளிவிட்டதாகவும், அங்கே முரட்டு முகங்களும் வசவும் மலிவுச் சாராய வாடையுமே இருந்ததாகவும் எழுதினார். நாற்றமெடுக்கும் இசைகூட உண்டோ என்று கேட்டார். சாய்க்கோவ்ஸ்கியால் அந்த வரிகளை மறக்கவே முடியவில்லை.

இதே ஹான்ஸ்லிக்தான் 1854இல் இசையழகு பற்றிய புகழ்பெற்ற நூலொன்றை எழுதியவர். இசையின் அழகு அது கிளப்பும் உணர்ச்சியிலும் இல்லை, அது நினைவூட்டும் காட்சியிலும் இல்லை. ஒலிகள் வடிவெடுத்து நகரும் விதத்திலேயே இருக்கிறது என்பது அந்த நூலின் வாதம். இசை அழகியலில் அந்த வாதத்தைத் தாண்டிப் போனவர்கள் உண்டு, தவிர்த்துவிட்டுப் போனவர்கள் இல்லை. ஆனால் 1881இல் அவர் முன்வைத்த குற்றச்சாட்டில் ஒலியின் வடிவம் மிகக் குறைவு. ரஷ்யாவைப் பற்றி ஒரு வியன்னாக்காரர் மனத்தில் வைத்திருந்த படம்தான் அதிகம். அவருடைய கொள்கைப்படியே அளந்தாலும் அந்தத் தீர்ப்பு நிற்காது. பிடிக்கவில்லை என்பது அவர் பிழையல்ல. பிடிக்காமைக்கான காரணத்தை அவர் இசைக்கு வெளியே போய் எடுத்துவந்தார் என்பதே பிழை.

மறுத்த ஆவரோ பின்னாளில் மனம் மாறினார். வெட்டுகளோடும் மாற்றங்களோடும் தன் பதிப்பைத் தயாரித்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார். அந்த மாணவர்களில் ஒருவர் யாஷா ஹைஃபெட்ஸ். அவருடைய ஒலிப்பதிவுகள் வழியாக இந்தக் கன்செர்ட்டோ பல தலைமுறைக் காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ரசனையில் சரி, தவறு உண்டா என்ற கேள்வியை ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் 1757இல் எடுத்துக்கொண்டார். டான் கிகோட்டே நாவலிலிருந்து அவர் ஒரு கதையை எடுத்தாள்கிறார். மது ருசிப்பதில் வல்ல இருவரை ஒரு பீப்பாயைச் சோதிக்கச் சொல்கிறார்கள். நல்ல மது, ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல மதுதான், ஆனால் இரும்பு வாடை என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் கிடக்கிறது ஓர் இரும்புச் சாவி, தோல் வார் கட்டியது.

இந்தக் கதையில் இருவரும் முரண்பட்டார்கள், இருவரும் சரி. இசைத்தட்டு ரசிகர்களின் பல சண்டைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. கோபச்சின்ஸ்கயாவின் வாசிப்பில் துணிச்சலைக் கேட்டவரும் நீண்ட இசை வரி அறுபடுவதைக் கேட்டவரும் உள்ளே இருந்ததையே கேட்டார்கள். அவற்றில் எது பெரிது என்பதில்தான் உண்மையான வேறுபாடு.

நல்ல தீர்ப்பாளருக்கு ஹ்யூம் வைத்த தகுதிகளில் மூன்று இங்கே முக்கியம்: பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்தல், முன்முடிவின்மை. ஒலிப்பதிவு வந்த பிறகே ஒப்பிடுவது சாதாரண ரசிகருக்கும் சாத்தியமானது. அதற்கு முன்பு நிலை வேறு. பெத்தோவனின் வயலின் கன்செர்ட்டோ 1806 டிசம்பரில் ஃபிரான்ஸ் கிளெமென்ட் வாசித்து அரங்கேறியது. தொடர்ச்சி அறுபடுகிறது, சாதாரண வரிகள் திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகின்றன என்று அப்போது ஒரு விமர்சகர் எழுதினார். சரிபார்க்க அவருக்கு வழி இல்லை. 1844இல் லண்டனில் மெண்டல்சன் நடத்த, 12 வயது ஜோசப் யோவாகிம் வாசித்த பிறகுதான் அந்தப் படைப்புக்கு மறுவாழ்வு கிடைத்தது. இன்று அதே பெத்தோவனைப் பல கைகளில் அடுத்தடுத்துக் கேட்டு எடைபோடுவது பிபிசி வானொலியின் வழக்கமான நிகழ்ச்சிகளில் ஒன்று.

முன்முடிவு அவ்வளவு எளிதில் போவதில்லை. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஒலியியல் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸும் வயலின் தயாரிப்பாளர் ஜோசப் கர்டினும் ஒரு சோதனை நடத்தினார்கள். மங்கலான ஓட்டல் அறை. 21 வயலின் கலைஞர்கள், கண்ணை மறைக்கும் கண்ணாடி, பழைய மரத்தின் வாசனை தெரியாதிருக்க வயலின்மேல் ஒரு துளி வாசனைத் திரவியம். ஆறு வயலின்கள்: மூன்று புதியவை, மூன்று பழைய இத்தாலியப் பொக்கிஷங்கள். பெரும்பாலோர் எடுத்துச்செல்ல விரும்பியது புதியவற்றில் ஒன்றை. மிகக் குறைவாகப் பிடித்தது, இத்தாலிய ஆசான் ஸ்ட்ராடிவாரி செய்த ஒரு பழைய வயலின். ஸ்ட்ராடிவாரி என்ற பெயரைக் கேட்டதுமே பொன் குரல் என்று உருகும் ரசிகர், தான் எதைக் கேட்டு உருகுகிறார் என்று ஒருமுறையாவது யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக, ஒலிக்கு வெளியே தெரிந்தவை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கேட்க வேண்டுமா? 1947இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் செய்யப்பட்ட ஓர் ஒலிப்பதிவு இந்தக் கேள்வியைக் கடினமாக்குகிறது. பெத்தோவனின் அதே கன்செர்ட்டோ. நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபூர்ட்வாங்லர், வாசித்தவர் யெஹூதி மெனுஹின். நாஜி ஆட்சியின் பெரும்பகுதியிலும் ஜெர்மனியிலேயே தங்கி இசை நடத்தியவர் ஃபூர்ட்வாங்லர். மெனுஹின் யூதர், 1945இல் பெர்கன்-பெல்சனில் உயிர்தப்பியவர்களுக்கு முன்னால் வாசித்தவர். போர் முடிந்த இரண்டாம் ஆண்டிலேயே ஃபூர்ட்வாங்லரோடு மேடையேறியதற்காக மெனுஹின் கடும் கண்டனத்தைச் சந்தித்தார். அதே ஃபூர்ட்வாங்லரைச் சிகாகோ இசைக்குழு அழைத்தபோது ஹைஃபெட்ஸ், ரூபின்ஸ்டைன் போன்ற இசைக்கலைஞர்கள் எதிர்த்தார்கள், அழைப்பு கைவிடப்பட்டது.

மெதுவான நடுப்பகுதியில் மன்னிப்பு ஒலிப்பதைக் கேட்கிறேன் என்று ஒரு ரசிகர் சொன்னால் அது பொய்யாகாது. ஆனால் அவர் இரண்டு தீர்ப்புகளைப் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர். வில் எந்த இடத்தில் எப்படி ஒதுங்கி நிற்கிறது, குழு அதற்கு எப்படி இடம் விடுகிறது என்பது ஒலியைப் பற்றியது. அதைக் காட்ட முடியும், மறுக்கவும் முடியும். அந்த இருவரும் சேர்ந்து வாசித்தது சரியா என்பது அறத்தைப் பற்றியது. அதற்கு வரலாறு தெரிய வேண்டும், காது போதாது. ஹான்ஸ்லிக் செய்தது, ஒலியைப் பற்றிய தீர்ப்போடு ஒலிக்கு வெளியே இருந்ததைக் கலந்தது.

1790இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் எழுதியது இங்கே உதவுகிறது. ஒரு மது எனக்கு இனிக்கிறது என்பவர் யாரையும் துணைக்கு அழைப்பதில்லை. ஒன்றை அழகு என்பவரோ எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார், ஆனால் நிரூபித்துக் கட்டாயப்படுத்த அவரிடம் விதி எதுவும் இல்லை. எதிர்பார்ப்பு உண்டு, அதிகாரம் இல்லை. ஆகவே ரசிகருக்கு மிஞ்சுவது ஒரே வழி: இந்த இடத்தைக் கேளுங்கள் என்று சுட்டிக்காட்டுவது.

சுட்டிக்காட்டும்போது பழக்கம் வேறு வந்து நடுவில் நிற்கிறது. முதலில் மனதில் பதிந்த இசைத்தட்டே படைப்பு என்றாகிவிடும். பெத்தோவன் தன் வயலின் கன்செர்ட்டோவுக்குக் கடென்சா, அதாவது வயலின் தனித்து நின்று வாசிக்கும் பகுதி, எழுதிவைக்கவில்லை. ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் தானே எழுதிய கடென்சாவை 1926 ஒலிப்பதிவில் வாசித்தார். அது பரவி வழக்கமாகிவிட்டது. 1980களின் தொடக்கத்தில் கிடான் கிரேமர், ஷ்னிட்கே எழுதிய கடென்சாவை வாசித்து வெளியிட்டபோது பெத்தோவனைக் கெடுத்துவிட்டார் என்று பலர் கொதித்தார்கள். பெர்க், ஷோஸ்டகோவிச் போன்ற பிற்கால இசைஞர்களின் சாயல்கள் அதில் இருந்தது உண்மை. அது அந்த இடத்தில் தகுமா என்று வாதாடலாம். கெட்டுப்போனதாக அவர்கள் சொன்ன இடத்தில் பெத்தோவனின் கை இருந்ததே இல்லை. அவர் கடென்சா எழுதியது இதே கன்செர்ட்டோவின் பியானோ வடிவத்துக்கு. அதில் டிம்பனி முரசும் சேர்ந்து ஒலிக்கிறது. அதை வயலினுக்கு மாற்றி வாசித்த பதிவுகளும் இன்று கிடைக்கின்றன. கிரைஸ்லரோடு பழகிய காதுக்கு எல்லாவற்றிலும் விநோதமாகப் படுவது, பெத்தோவன் தானே எழுதிய அந்த முரசுதான்.