வண்டியின் ஐபை மறைக்காதீர்!



வயதான தாயார், மனைவி, மக்கள் என்று ஏழெட்டுப் பேர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்திற்கோ சிதம்பரத்திற்கோ ஒன்றாகப் புறப்பட ஒரு பெரிய வண்டி உதவியாகத்தான் இருக்கிறது. புதிது வாங்கச் சக்தியில்லாதவர் பழைய சுமோ, பொலிரோ, இன்னோவா என்று தேடுகிறார். இது ஆகுமான காரியமே. பெருமைக்காகக் கடனாளியாவதைவிடச் சிறந்ததுங்கூட. ஆனால் இந்த வியாபாரத்தில் ஹலாலும் ஹராமும் அடுத்தடுத்து நிற்கின்றன.

கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ள செய்தி இது.

இன்று அந்த ஈரம் எங்கே இருக்கிறது? ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துத் திருப்பிய மீட்டரில் இருக்கிறது. விபத்தில் நசுங்கியதைத் தட்டி நிமிர்த்திப் பூசிய பெயிண்டில் இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கியதைச் சொல்லாமல் துடைத்து வைத்த சீட்டில் இருக்கிறது. ஐபை மறைத்து விற்றிருந்தால், வாங்கியவர் அதை அறிந்தவுடன் வண்டியைத் திருப்பிக் கொடுக்க ஷரீஅத் உரிமை தருகிறது. விற்பவர் மட்டுமல்ல, ஐபு தெரிந்த மெக்கானிக்கும் புரோக்கரும் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர்களே. கமிஷனுக்காக வாய்மூடி இருப்பது தப்பிக்கும் வழியாகாது.

வாங்குபவருக்கும் பொறுப்புண்டு. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்திற்குப் பேசி முடித்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது அதைவிட அதிகம் பெறும் என்று தாமே விலையை உயர்த்தி, 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருந்ததே காரணம். கணவரை இழந்த ஒரு பெண் விலை தெரியாமல் வண்டியை விற்கும்போது, 'நல்ல லாபம்' என்று மகிழ்பவர் இதைச் சற்றே சிந்திக்கட்டும். அந்த வண்டியில் வாரிசுகள் அனைவரின் பங்கும் இருக்கிறது.

இன்னொன்று, பெயர் மாற்றம். பணத்தைக் கொடுத்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தைப் பழைய பெயரிலேயே விட்டுவைப்போர் பலர். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து நஷ்டஈட்டிற்கு ஆர்.சி.யில் பெயருள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியானால் நம்முடைய சோம்பலால், நம்மை நம்பி விற்ற ஒருவரின் கழுத்தில் சுமையை ஏற்றுகிறோம். முஃமினுக்கு இது அழகா? இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் மாற்ற விண்ணப்பியுங்கள். கடன் பாக்கி இல்லையென்ற சான்றையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

உண்மை பேசிக் குறையைத் தெளிவாக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அது அழிந்துபோகும் என்பது நபிமொழியின் கருத்து. பரக்கத் இல்லாத வண்டியில் பெற்ற தாயை ஏற்றிச் செல்வானேன்?

நம் சம்பாத்தியத்தையும் பயணத்தையும் அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.